பாட்டுக்கு முன்னால் எங்கே சாப்பிடுவது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம். ருசுதான் என்கிற என் மனைவி தொலைபேசியில் ஒருவனோடு சிரித்துப் பேசினாள். அங்கிருந்துதான் வந்தது.

சிரித்ததுகூடப் பரவாயில்லை. ருசுதான் சிரிக்கத் தெரிந்தவள். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதே நோயாளிகளைச் சிரிக்க வைப்பாள். பாதி வியாதி கடையிலேயே போய்விடும். ஆனால் சிரித்து முடித்துவிட்டு, "சரி, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எங்க சாப்பிடலாம்? நீயே சொல்லேன்" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் சுட்டது. நான் அடுத்த அறையில் இதே மேசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கே சாப்பிடலாம் என்று அவள் என்னைக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது என்று யோசித்தேன். கேட்டதே இல்லை. நான் எங்கே உட்காருகிறேனோ அங்கே வந்து உட்காருவாள், உப்பு குறைவு என்பாள், சாப்பிடுவாள்.

மறுமுனையில் இருந்தவன் மெராப். கிதார் வாசிப்பவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய பட்டு ஆலைக்கு அடியில் 'நிலவறை' என்று ஓர் இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அவன் குழு அங்கே வாசிக்கும். எங்கள் திபிலிசி நகரத்தில் பாதிப்பேர் அன்றைக்கு அங்கே நிற்பார்கள். மீதிப் பாதி என்னைப் போல வீட்டில் இருப்பவர்கள்.

அவன் ருசுதானைப் பாட்டுக் கேட்க வரச் சொல்லவில்லை. பாட வரச் சொன்னான். கல்லூரியில் இரண்டு பேரும் ஒரே பாட்டுக்குழு. கல்யாணத்துக்குப் பிறகு அவள் மருந்துக்கடைப் பின்னறையில் பெட்டிகளை அடுக்கும்போது மட்டும்தான் பாடினாள். பாடாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பாடு என்றும் சொன்னதில்லை.

"மொத பாட்டு எங்களோடது, ரெண்டாவது உன்னோடது" என்றானாம். "ஒம்பது மணிக்கு நீ அங்க இல்லன்னா உனக்கு இஷ்டமில்லன்னு எடுத்துக்குவேன். அப்புறம் கேட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

2

முதல் தொடக்கம்: "ஓத்தார் ஒரு பல் மருத்துவர். பொறாமை என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது." [இரண்டாவது வாக்கியத்திலேயே பொய். அடித்துவிட்டேன்.]

இரண்டாவது தொடக்கம்: "மாலை வெயில் ஆற்றின் மேல்..." [வெயில் என்ன பாவம் செய்தது? அதை விட்டுவிடுவோம்.]

மூன்றாவது தொடக்கம்: "மெராப் ஓர் அயோக்கியன். ஏனென்றால்

அந்த 'ஏனென்றால்' அப்படியே நிற்கிறது, பாருங்கள். அதற்குப் பிறகு போட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் குடிகாரன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு எரிவாயு உருளையை மாடிவரை தூக்கிக் கொடுக்கிறவன். என்னைத் தெருவில் பார்த்தால் ஓடி வந்து கன்னத்தில் முத்தமிட்டு, "உங்க புதுக் கதையைப் படிச்சேன்ண்ணே" என்பான். படித்தும் இருப்பான், அதுதான் கொடுமை. அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

ருசுதான் என் காகிதங்களைப் படிப்பாள். கேட்டுவிட்டுப் படிப்பதில்லை. மேசையைத் துடைக்க வருகிறவள் துடைப்பதற்கு முன் படித்துவிடுவாள். கையில் பென்சில் இருந்தால் இன்னும் ஆபத்து.

"யாரு இந்த ஓத்தார்?"

"கற்பனைப் பாத்திரம்."

"நம்ம சோபா, நம்ம வாசல் மணி, என் பச்சைக் கோட்டு. பல்லு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?"

ஓத்தாரை அத்துடன் விட்டுவிட்டேன். இனி 'நான்' என்றே எழுதுகிறேன். ரமாஸ், கதை எழுதுகிறவன், பொறாமைக்காரன்.

3

பாட்டுக்கு முன் எங்கே சாப்பிடுவது என்பது மற்ற ஊர்களில் வயிற்றைப் பற்றிய கேள்வியாக இருக்கலாம். எங்கள் ஊரில் அது நேரத்தைப் பற்றிய கேள்வி.

விவரம் தெரிந்தவர்கள் உட்காரவே மாட்டார்கள். ரொட்டி சுடுகிற கடை வாசலில் நின்றபடி, உள்ளே பயறு வைத்த சூடான ரொட்டியைக் காகிதத்தில் வாங்கி, நாக்கைச் சுட்டுக்கொண்டு தின்றுவிட்டு, சட்டையில் விழுந்த மாவைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்தது கின்காலிக் கடை. கொழுக்கட்டை மாதிரி, உள்ளே இறைச்சியும் சாறும் இருக்கும். குடுமியைப் பிடித்துக் கடித்து, சாற்றை உறிஞ்சி, தின்று முடித்து, குடுமியைத் தட்டில் போட்டுவிட வேண்டும். அதோடு பீர். பீர் கோப்பையைத் தூக்கி எங்களில் யாரும் யாரையும் வாழ்த்துவதில்லை.* வாழ்த்து இல்லையென்றால் பேச்சு இல்லை. பேச்சு இல்லையென்றால் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பலாம்.

[* பீரைத் தூக்கி வாழ்த்துவது ஆகாதவர்களைத்தான் என்பது பழைய வழக்கம். இந்தக் காலத்து இளசுகள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. நாங்கள் இளசுகள் இல்லை.]

ஒயின் கடை என்றால் கதையே வேறு. மேசைக்கு ஒயின் வந்துவிட்டால் மேசைக்கு ஒரு தலைவன் வேண்டும். தமாதா என்போம். அவன் எழுந்து ஒவ்வொன்றாக வாழ்த்துச் சொல்வான்: சமாதானத்துக்கு, நாட்டுக்கு, பெற்றவர்களுக்கு, போய்ச் சேர்ந்தவர்களுக்கு, பிள்ளைகளுக்கு. அவன் பேசி முடிக்காமல் யாரும் குடிக்கக் கூடாது. அவனிடம் கேட்காமல் யாரும் எழக் கூடாது. கடைசி வாழ்த்தைச் சொல்லும்வரை மேசை அவன் கையில். ஒயின் மேசையில் உட்கார்ந்துவிட்டு நேரத்துக்குக் கச்சேரிக்குப் போனவனை நான் பார்த்ததில்லை. கச்சேரி முடிந்து வருகிறவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கையாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"நிலவறைக்கு எதிர்லயே கின்காலிக் கடை இருக்காம். ஆளுக்கு ஏழெட்டு, ஒரு பீரு, அரை மணியில வந்துடலாங்கறான்" என்று ருசுதான் வந்து சொன்னாள். அப்படியே அவன் குரலில் ஒப்பித்த மாதிரி இருந்தது. [அவன் குரலில் என்பது என் காதின் வேலையாகவும் இருக்கலாம்.]

"கின்காலியா? நீ பாடப்போற அன்னிக்கா?" என்றேன். "கை வாயெல்லாம் சாறு வழிய மேடை ஏறுவியா? சியூரி அக்கா ஒயின் கடையில முறையா உக்காந்து சாப்பிடலாம். உங்க அண்ணனையும் அண்ணியையும் கூப்பிடறேன்."

ருசுதான் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இந்த வாக்கியத்தை எழுதத்தான் எனக்கு ஓத்தார் தேவைப்பட்டான்.

4

வெள்ளிக்கிழமை. வெளிச்சம் இருக்கும்போதே போய் உட்கார்ந்துவிட்டோம். நான், ருசுதான், அவள் அண்ணன் ஜும்பேர், ஜும்பேரின் மனைவி எத்தேரி. ருசுதான் பச்சைக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். ஆணியில் மாட்டச் சொன்னதற்கு, "இங்கயே இருக்கட்டும், கைக்கெட்டற மாதிரி" என்றாள்.

சியூரி அக்கா கத்தரிக்காய், பாலாடைக்கட்டி, கோழி என்று மேசையை நிரப்பினாள். கடை அவளுடையது, யார் எவ்வளவு சாப்பிடுவது என்பதையும் அவளே முடிவு செய்வாள். மண் குடுவையில் ஒயின் வந்தது.

"தமாதா யாரு?" என்றான் ஜும்பேர். "மாப்ளதான்! எழுத்தாளன். வாயைத் தொறந்தா மூட மாட்டான்."

"அதுதான் பயமா இருக்கு" என்றாள் எத்தேரி. "இவ ஒம்பதுக்கு அங்க இருக்கணும்."

"சுருக்கமா சொல்லுவான் அண்ணி. இல்ல, ரமாஸ்?" என்றாள் ருசுதான்.

"ரெண்டே வார்த்தை" என்றேன்.

திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்தார்கள்.

5

சமாதானத்துக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டுமென்றால் சண்டைகளைச் சொல்லாமல் முடியுமா? சொன்னேன். நாட்டுக்கு வாழ்த்துச் சொன்னபோது மலைகளை மேற்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். பிறகு, "அலவெர்தி, மச்சான்!" என்றேன். அலவெர்தி என்றால் வாழ்த்தை இன்னொருவர் கையில் கொடுப்பது. வாங்கியவர் அதையே தன் பங்குக்கு நீட்டிப் பேச வேண்டும். மறுத்தால் மரியாதைக் குறைவு. ஜும்பேர் எழுந்து, தான் பட்டாளத்தில் சமையல்காரனாக இருந்த கதையை ஆரம்பித்தான். அந்தக் கதைக்கு முடிவு கிடையாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ருசுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை எத்தேரி பார்த்தாள்.

"மாப்பிள்ள, வாழ்த்தறீங்களா, வரலாறு நடத்தறீங்களா?"

"பெத்தவங்களைச் சுருக்கச் சொல்றீங்களா?" என்றேன். அவள் கத்தரிக்காயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அடுத்து, போய்ச் சேர்ந்தவர்கள். இதற்கு எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது. செத்தவர்களை அவசரப்படுத்த எவனாலும் முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ருசுதானின் அப்பாவிலிருந்து ஆரம்பித்தேன். பெரியப்பாக்கள், அத்தைகள், கீழ்வீட்டுக்காரர், என் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், என் பல் மருத்துவர்* வரைக்கும் போனேன். ருசுதான் அப்பாவின் பெயரைக் கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணக்கு வாத்தியார் வந்தபோது என்னை நேராகப் பார்த்தாள்.

[* அவர் உயிரோடுதான் இருக்கிறார். வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். வேகத்தில் சேர்த்துவிட்டேன்.]

[வாசகரே, இந்தக் கதையும் அதே மாதிரி நீண்டுகொண்டு போவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். தமாதாவுக்கும் கதை எழுதுகிறவனுக்கும் தொழில் ஒன்றுதான்: எழுந்து போகத் துடிக்கிறவரை உட்கார வைப்பது.]

எதற்காக இத்தனையும்? மெராபும் இவளும் ஓடிப்போய்விடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த மாதிரிப் பொறாமையாக இருந்திருந்தால் மெராபை அடித்திருப்பேன், அவனும் கன்னத்தில் முத்தமிட்டிருப்பான், முடிந்திருக்கும். என் வயிற்றெரிச்சல் வேறு. பாடும்போது ருசுதானின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மருந்துக்கடைப் பின்னறையில் அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். வீட்டு விருந்துகளில் நாங்கள் பாட ஆரம்பிக்கும்போது அவள் அடுப்படியில் இருப்பாள். மெராபுக்கு அந்த முகம் தெரியும். இன்றைக்கு இன்னும் இருநூறு பேருக்குத் தெரிந்துவிடும். எனக்குச் சொந்தமான ஒன்றை எனக்கே காட்டாமல் ஊருக்கெல்லாம் எடுத்துக் காட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். சொந்தம் என்ற சொல்லை எழுதிவிட்டு ஒருமுறை பார்த்தேன். அடிக்கவில்லை.

6

பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், நட்பு எல்லாம் ஆயிற்று. கடிகாரம் எட்டரையைத் தாண்டியிருந்தது. அடுத்து நான் காதலுக்கு எழுந்தேன். "கல்யாணம் என்கிற இந்த..." என்று ஆரம்பித்தபோது ருசுதான் உள்பக்கம் திரும்பினாள்.

"சியூரி அக்கா, ஒரு பீரு குடு."

"ஒயின் இருக்கேடி?"

"பீரு குடு."

சியூரி அக்கா கொண்டுவந்து வைத்தாள். ருசுதான் ஒயின் கோப்பையைத் தள்ளி வைத்தாள், பீரை எடுத்தாள், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்றாள்.

"ஏய், பீரையா தூக்கற?" என்றான் ஜும்பேர்.

"ஆமா. எங்க தமாதாவுக்கு" என்றாள் ருசுதான், என்னைப் பார்த்து. "அவர் நாக்கு நீண்டு வாழட்டும்."

ஒரே மடக்கில் பாதியைக் குடித்தாள். பக்கத்து மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது. ஜும்பேர் சிரித்துப் பார்த்தான், யாரும் சேராததால் நிறுத்திவிட்டான். எத்தேரி மட்டும் அவளுக்கே உரிய விதத்தில், "சரியானதைத்தான் தூக்கியிருக்கா" என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்கு முகம் எரிந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பாழாய்ப்போன சந்தோஷமும் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன்: அன்று மாலை முழுவதும் அப்போதுதான் அவள் மெராபை மறந்துவிட்டு என்னை மட்டும் பார்த்தாள்.

"தமாதா, கிளம்ப உத்தரவு வேணும்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. முறைப்படி கேட்டாள். கோட்டின் ஒரு கையை மாட்டியும் விட்டாள்.

முறைப்படி கேட்டால் கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் தமாதா இல்லை, ஜெயில் வார்டன்.

"குடுக்கறேன்" என்றேன். "ஒண்ணே ஒண்ணு பாக்கி. பாட்டுக்கு ஒரு வாழ்த்து. அதை நான் பேசலை. அலவெர்தி, ருசுதான். பாடிட்டுப் போ."

"இங்கயா?"

"இங்கதான். அங்க பாடறதுக்கு முன்னாடி."

[முதல் பிரதியில் "அவனுக்கு முன்னாடி எனக்கு" என்று எழுதியிருந்தேன். வாயால் சொன்னது "அங்க பாடறதுக்கு முன்னாடி" மட்டும்தான். அவளுக்கு இரண்டும் கேட்டிருக்கும்.]

7

பாடினாள். கோட்டின் ஒரு கை மாட்டியபடி, இன்னொரு கை தொங்க, மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முதல் அடியைப் பாடினாள்.

அந்த முகத்தை வர்ணிக்கப் பலதடவை எழுதிப் பார்த்தேன். "அவள் கண்கள்" [வேண்டாம்.] "ஒரு விளக்கு" [கேவலம்.] அவள் களைத்துப்போன, கோபமான, நாற்பதைத் தொடும் பெண்ணாக இருந்தாள், வாயை அகலத் திறந்திருந்தாள், பாட்டைத் தவிர வேறு எதுவும் அவளுக்கு அங்கே இல்லை. நானும் இல்லை. மெராபும் இல்லை, அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆறுதலாக இல்லை. ஒரு மனிதனைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் அவன் வழுக்கை விழும்வரை காத்திருக்கலாம். பாட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் என்ன செய்வான்?

எங்கள் பாட்டு ஒற்றை ஆளால் நடக்காது. மேல்குரல் ஒருவர், நடுக்குரல் ஒருவர். கீழே மற்றவர்கள் ஒரே சுரத்தை விடாமல் பிடித்து நிற்க வேண்டும். அதுதான் அடிக்குரல். அது இல்லாவிட்டால் மேலே பாடுகிறவருக்குக் கால் வைக்க இடமில்லை. முதல் அடி முடிந்ததும் ஜும்பேர் நடுக்குரலைப் பிடித்தான், வழக்கம்போல் கொஞ்சம் தள்ளி. அடிக்குரல் எங்கள் மேசையில் என் வேலை. நான் எடுத்தால்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ருசுதான் அடியின் கடைசிச் சுரத்தை விடாமல், மூச்சு இருக்கும்வரை நீட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

8

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் ருசுதான் பார்த்துவிட்டாள்.

ஒரு முடிவில் நான் அடிக்குரல் கொடுக்கிறேன். கடையே சேர்ந்து பாடுகிறது. அவள் என் நெற்றியில் முத்தமிட்டு ஓடுகிறாள். நான் பின்னாலேயே போய் நிலவறையில் கடைசி வரிசையில் நின்று கைதட்டுகிறேன். பக்க ஓரத்தில் பென்சில்: "நீயா? கைதட்டினியா?"

இன்னொன்றில் நான் வாயைத் திறக்கவில்லை. பாட்டு பாதியில் அறுந்துபோகிறது, அவள் தெருவில் இறங்கி ஓடுகிறாள், அங்கே இருநூறு பேர் முன்பின் தெரியாதவர்கள் அவளுக்கு அடிக்குரல் கொடுக்கிறார்கள். இதை எழுதிய காகிதத்தைக் கசக்கி எறிந்தேன், பிறகு எடுத்து நீவி வைத்தேன். இதில் பென்சில் எதுவும் இல்லை. படித்த அடையாளமாக ஓரத்தில் ஈரக் கைரேகை மட்டும் இருந்தது.

மற்றொன்றில் அவள் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து ஆறிப்போன கோழியைத் தின்கிறாள். நாங்கள் நெடுங்காலம் ஒற்றுமையாக வாழ்கிறோம். இதன் மேல் குறுக்காக ஒரு கோடு, காகிதம் கிழிகிற அளவுக்கு: "இது நான் இல்ல."

"அப்ப எப்படித்தான் முடிக்கறது?" என்று கேட்டேன்.

"நடந்ததை எழுது."

"அது வர மாட்டேங்குது."

"அன்னிக்கும் வரல" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "உனக்கு வரலன்னா வேற யாருகிட்டயாவது குடு. ஒரே ஒரு சுரம்தானே, ரமாஸ்." பிறகு மருந்துக்கடைக்குப் போய்விட்டாள்.

9

ஆகவே உங்களிடம் கொடுக்கிறேன். அலவெர்தி, வாசகரே.

மேசையில் நீங்களும்தான் இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். செத்தவர்களுக்கு எங்களோடு எழுந்து நின்றீர்கள். ருசுதான் இன்னும் நிற்கிறாள், ஒரு கை கோட்டுக்குள், கடைசிச் சுரத்தின் மேல், மூச்சு முடியப்போகிறது. ஜும்பேர் அவனால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறான். என் தொண்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. என்ன அடைத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், நான்தான் பக்கம் பக்கமாகச் சொல்லியிருக்கிறேனே.

கஷ்டமான வேலை இல்லை. சொற்கள் வேண்டாம். வாயை லேசாகத் திறந்து, நெஞ்சிலிருந்து, கீழே, ஒரே சுரம். இன்னும் கொஞ்சம் கீழே. அதுதான். விடாதீர்கள், மூச்சு வாங்குவதாக இருந்தால் எத்தேரி பிடித்துக்கொள்வாள், அவள் சேர்ந்துவிட்டாள், சியூரி அக்காவும்.

அவள் இரண்டாவது அடிக்குப் போய்விட்டாள். கேட்கிறதா? இனி அவள் போய்விடுவாள், கோட்டின் மறு கையையும் மாட்டிக்கொண்டு.

நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்துப் பாடுகிறாள்.

யார் ஐயா நீங்கள்?